முகத்துடிப்புக்குப் போட்டுலினம் ஊசி: நான்கு ஆண்டுகளாகப் போட்டுக்கொள்பவளின் அனுபவம்

பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது நடக்கும் என்பார்கள். எனக்கு எட்டு மாதம் விடாமல் துடித்தது. முதலில் கீழிமை, பிறகு கன்னம், கடைசியில் வாயோரமும் மேலே இழுத்துக்கொண்டது. கரும்பலகையிலிருந்து திரும்பினால், டீச்சர் கண்ணடிக்கிறார் என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். முப்பது ஆண்டு கணக்குப் பாடம் எடுத்தவள், அந்த ஆண்டு மட்டும் ஜன்னலைப் பார்த்தே பாடம் எடுத்தேன்.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு, மூளைத்தண்டருகே ஒரு ரத்தக்குழாய் முகநரம்பை அழுத்துகிறது என்றார். அறுவை சிகிச்சை ஒரு வழி, போட்டுலினம் என்ற பாக்டீரியா நஞ்சை மிகச் சிறிய அளவில் மருந்தாகப் போடும் ஊசி இன்னொரு வழி. “சுருக்கம் போகப் போடுவார்களே, அதுவா டாக்டர்?” என்று கேட்டேன். அதேதான். ஆனால் மருந்தாக அது முதலில் வந்தது அழகுக்காக அல்ல. ஆலன் ஸ்காட் என்ற சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்யத்தான் இதைக் கையில் எடுத்தார். 1989இல் அமெரிக்கா மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி தந்தது. புருவ நடுவிலுள்ள கோடுகளுக்கு அனுமதி கிடைத்தது 2002இல்தான். இதைக் கேட்ட பிறகே என் கூச்சம் விலகியது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பி காலியாகவே தெரிந்தது. அடியில் மூச்சுப் பட்ட கண்ணாடிபோல ஒரு மங்கல், அவ்வளவுதான் மருந்து. உப்புநீர் விட்டு, குலுக்காமல் மெல்ல உருட்டினார். பேனாவால் முகத்தில் ஆறு புள்ளி வைத்து, இன்சுலின் ஊசி போன்ற மெல்லிய ஊசியால் போட்டார். கன்னத்தில் வலியே இல்லை. இமையோரத்தில் கட்டெறும்பு கடித்ததுபோல் சுரீரென்றது.

அன்று ஒன்றும் தெரியவில்லை. நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை இந்த நஞ்சு மெல்லத்தான் தடுக்கும். ஐந்தாம் நாள் காலை காபி குடிக்கும்போது, டம்ளர் விளிம்பில் உதடு ஆடாமல் நின்றது. அழுதுவிட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழிந்தால் துடிப்பு திரும்புகிறது. மறுபடி ஊசி, மறுபடி செலவு. ஓய்வூதியக்காரிக்கு அது பெரிய தொகை. கண் உலர்ந்து போவதால் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். இடப்பக்கச் சிரிப்பும் சற்றுக் குறைந்துதான் இருக்கிறது.

ஒருமுறை வெளியூரில் இருந்தபோது, விலை குறைவு என்று ஓர் அழகு நிலையத்தில் போட்டுக்கொண்டேன். எந்த நிறுவன மருந்து, எத்தனை யூனிட் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பத்து நாளில் மேலிமை தொங்கி, ஐந்து வாரம் பாதிக் கண்ணோடு நடமாடினேன். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல என்பதைப் பிறகு மதுரை மருத்துவர்தான் விளக்கினார். இமை தொங்கினால் சில வாரங்களில் தானாகச் சரியாகும். ஆனால் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். கர்ப்பிணிகளும் தசைச்சோர்வு நோய் உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது கைப்பையில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு முகம் வரைந்து, புள்ளி வைத்த இடம், யூனிட், மருந்தின் பெயர், தேதி எல்லாம் எழுதிக்கொள்கிறேன். குப்பியின் லேபிளைக் காட்டாமல் என் முகத்தில் ஊசி வைக்க யாரையும் விடுவதில்லை.