"நாங்களே இங்க் ஊற்றித் தருகிறோம்" என்று சொல்லும் கடையில் பிரிண்டர் வாங்காதீர்கள்

புராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வேடு என்று பிரிண்டர் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை எங்களுக்குப் பழைய பிரிண்டரைப் புதியது என்று சொல்லி விற்றுவிட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பார்ப்பதற்கு அது நமக்குச் செய்கிற உபகாரம் போலவே இருக்கும்.

நான் சேப்பாக்கத்தில் எம்.ஏ. படிக்கிறேன். திருவல்லிக்கேணியில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறையில் இருக்கிறோம். மூவருக்கும் ஆய்வேடு. எங்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் ஒரு பக்கம் 2 ரூபாய், கலர் என்றால் 10 ரூபாய். கைடு ஒவ்வோர் அத்தியாயத்தையும் தாளில்தான் திருத்துவார், திருத்திய பிறகு மறுபடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால் மூவரும் பணம் போட்டு, பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். கார்ட்ரிட்ஜ், அதாவது இங்க் அடைத்த சின்ன டப்பா, வைத்த பிரிண்டர் விலை குறைவுதான், ஆனால் அதன் சின்னக் கறுப்பு கார்ட்ரிட்ஜ் நூற்றுச் சொச்சம் பக்கங்களில் தீர்ந்துவிடும், அப்புறம் அதை வாங்கியே கை காலியாகிவிடும். இங்க் டேங்கில் 65 மில்லி கறுப்பு பாட்டில் ஒன்றுக்கு 4,500 பக்கம் வரை வரும் என்று போட்டிருக்கிறார்கள். வரைபடமும் போட்டோவும் நிறைய இருந்தால் அவ்வளவு வராது. இருந்தாலும் கட்டுப்படியாகும்.

கடைக்காரர் நன்றாகவே பேசினார். "தம்பி, இங்க் ஊத்துறப்ப உள்ள கொட்டிடுச்சுன்னா வாரன்டி போயிடும். நாங்களே ஊத்தி, செட் பண்ணி, டெஸ்ட் பிரிண்ட் எடுத்துத் தர்றோம். இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்றார். பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்கள். எங்களுக்கு டீ வந்தது. கொஞ்ச நேரத்தில் டேங்க் நிறைய இங்க்கோடு பிரிண்டரும் வந்தது, டெஸ்ட் தாளும் பளிச்சென்று இருந்தது. பில் கேட்டோம். "சிஸ்டம் டவுன், சாயங்காலம் வாட்ஸ்அப்ல ஜிஎஸ்டி பில் அனுப்பிடறேன்" என்று எஸ்டிமேட் தாள் ஒன்றில் சீல் குத்திக் கொடுத்தார். பில் வரவே இல்லை. கேட்டபோதெல்லாம் "நாளைக்கு".

சில வாரங்கள் ஒழுங்காக ஓடியது. பிறகு இங்க் பேட் ஆயுள் முடியப் போகிறது என்று கணினியில் ஒரு செய்தி வந்தது. அது என்னவென்று பலருக்குத் தெரியாது. தாளில் இங்க்கைத் தெளிக்கும் பாகமான ஹெட்டைப் பிரிண்டர் சுத்தம் செய்யும்போதெல்லாம் கொஞ்சம் இங்க் வழியும். அதை உறிஞ்சிக்கொள்ள அடியில் பஞ்சு மாதிரி ஒரு பேட் இருக்கிறது. எவ்வளவு வழிந்தது என்று இயந்திரமே கணக்கு வைக்கும். கணக்கு எல்லையைத் தொட்டதும் பிரிண்டர் நின்றுவிடும், பேட் மாற்றினால்தான் ஓடும். சாதாரணமாக இது பல வருடங்களுக்குப் பிறகு வர வேண்டிய செய்தி. எங்களுடையதோ பெட்டி பிரித்து ஒரு செமஸ்டர்கூட ஆகவில்லை.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த டெக்னீஷியன் கணினியில் இணைத்துப் பார்த்துவிட்டு, மொத்தம் பதினோராயிரம் பக்கங்களுக்கு மேல் ஓடியிருக்கிறது என்றார். சீரியல் எண் எப்போதோ வேறு பெயரில் பதிவாகி, வாரன்டியும் முடிந்திருந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண் வேறு, பிரிண்டரின் பின்புறம் இருந்த எண் வேறு. மூன்று பேரும் பேச்சற்று நின்றோம். எங்களில் ஒருவன் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் அதில் இருந்தது.

இப்போது அந்த இலவச இன்ஸ்டலேஷன் எதற்கு என்று புரிந்திருக்கும். புதிய இங்க் டேங்க் பிரிண்டரில் டேங்கும் காலியாக இருக்கும், ஹெட்டுக்குப் போகும் குழாய்களும் காலியாக இருக்கும். மூடி முதல் உள்பாகம் வரை அங்கங்கே டேப் ஒட்டியிருக்கும். இங்க் பாட்டில்கள் சீல் பிரிக்காமல் பெட்டிக்குள் தனியாக இருக்கும். முதல் தடவை ஊற்றினால் இங்க் குழாயில் ஏறி முடிக்கவே பல நிமிடம் ஆகும். பழைய இயந்திரத்தில் டேங்கின் உள்சுவரெல்லாம் கறை, குழாயெல்லாம் நிறம். அதை நீங்கள் பார்த்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். அதனால்தான் உள்ளே கொண்டுபோய் நிரப்பித் தருகிறார்கள். எங்களுக்குச் சேர வேண்டிய கம்பெனி பாட்டில்களையும் அவர்களே வைத்துக்கொண்டு மலிவான இங்க்கை ஊற்றியிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். காலி பாட்டில்களைக்கூடத் தரவில்லை.

ஆகவே பெட்டியின் சீல் உங்கள் கண் முன்னால் உடைபட வேண்டும். இரண்டு சீரியல் எண்களும் ஒன்றா என்று பாருங்கள், அதே எண் பில்லிலும் ஏறட்டும். இங்க்கை வீட்டில் நீங்களே ஊற்றுங்கள். இப்போது வரும் பாட்டில்கள் பலவற்றைக் கவிழ்த்தாலும் சிந்தாது, பயப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பிரிண்டர் டிரைவரிலோ, பிரிண்டரின் ஸ்டேட்டஸ் ஷீட்டிலோ மொத்தப் பக்க எண்ணிக்கையை இன்றைக்கே பாருங்கள். பல மாடல்களில் அது கிடைக்கும். இங்க் பேட் கணக்கை அழிக்கும் ரீசெட் மென்பொருளை யாராவது காசுக்குத் தந்தால் வாங்காதீர்கள். பேட்டை மாற்றாமல் கணக்கை மட்டும் அழித்தால் ஒருநாள் இங்க் மேசையெல்லாம் வழியும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போய் மாதக் கணக்கில் பிரிண்டரைத் தொடாதவர்கள், கலர் தேவைப்படாதவர்கள், கறுப்பு வெள்ளை லேசரையும் யோசியுங்கள். தொடாமல் விட்டால் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும்; லேசரில் இங்க்குக்குப் பதில் இருக்கும் டோனர் பொடி என்பதால் அப்படி அடைக்காது. ஆனால் பெட்டியோடு வரும் டோனர் பல மாடல்களில் முழு அளவு இருக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நாங்கள் யுபிஐ ரசீது, எஸ்டிமேட் தாள், வாட்ஸ்அப் உரையாடல், சர்வீஸ் சென்டர் எழுதித் தந்த அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து 1915-இல் பதிந்திருக்கிறோம்.

அதன்பிறகு கடைக்காரர் "வேற பீஸ் மாத்தித் தரேன் தம்பி, புகாரை வாபஸ் வாங்கிடுங்க" என்கிறார். அந்த வேறு பீஸ் எங்கிருந்து வரும் என்று எங்களுக்குத் தெரியும். முழுப் பணமும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். ரிச்சி தெருவில் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஒரே கடையாக இருந்தால் சேர்ந்தே ஆணையத்துக்குப் போகலாம்.