மத்தியானமானால் கேஸ் ஏறும் சிலிண்டர்: லோடு செல்லோடு மூன்று வருடம்

பாளையங்கோட்டையில் அத்தானின் டீக்கடை. அங்கே சிலிண்டருக்கு அடியில் நான் செய்து வைத்த எடைப்பலகைக்கு மூன்று வயது. பாரத்தை மின்னழுத்தமாக்கும் 60 கிலோ லோடு செல், அதை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 சில்லு, அதைப் படிக்க இஎஸ்பி32 என்ற ஒரு குட்டிக் கணினிப் போர்டு. போன மாதம் எலி வயரை வேரோடு கடித்துவிட, செல்லையே மாற்றினேன். பார்த்துக்கொண்டிருந்த நண்பர், "வே, எனக்கும் ஒண்ணு பண்ணணும், உம்ம புரோகிராமைத் தாரும்" என்றார். அவருக்காகத்தான் இது.

நியாயமாகச் சொன்னால், பழைய செல் உழைத்தது. ராப்பகலாக முப்பத்தைந்து கிலோ தலையில் உட்கார்ந்திருந்தும், பால் பொங்கி மேலே வழிந்தும், எலி வரும்வரை படுக்கவில்லை.

ஆனால் வெயில்! தகரக் கூரை. கத்திரியில் காலை ஐந்து மணிக்கு 27 டிகிரி, மூன்று மணிக்கு 39. அடுப்பு அணைந்திருக்கும் நேரத்தில் எடை 80 கிராம் கூடும். "என்ன மாப்ள, சிலிண்டர் தன்னால நெறையுது?" என்று அத்தான் ஊரைக் கூட்டிச் சிரித்தார்.

முழுப் பாரத்துக்கே அந்தச் செல் தருவது 10 மில்லிவோல்ட்தான். உள்ளே ஒட்டியிருக்கும், இழுபட்டால் மின்தடை மாறுகிற நான்கு கேஜ்களும் சூட்டில் ஒன்றுபோல மாறினால் வம்பில்லை, மாறாது. காய்கறிக் கடைத் தராசு, தட்டு காலியாகும்போதெல்லாம் பூஜ்யத்தைப் பிடித்துக்கொள்ளும். நமக்குத் தட்டு காலியாவதே சிலிண்டர் மாற்றும்போதுதான்.

சரி, வெப்பத்தை அளந்து கழித்துவிடலாம் என்று இறங்கினேன். வெப்பச் சென்சாரைப் போர்டின் பக்கத்தில் வைத்தது முதல் முட்டாள்தனம். காற்று சுட்டதும் அது ஏறிவிடும், செல்லின் அலுமினியம் முக்கால் மணி நேரம் கழித்து ஆடி அசைந்து வரும். செல்லின் உடம்பிலேயே சூடு கடத்தும் பேஸ்ட் தடவி ஒட்டிய பிறகுதான் இரண்டும் சேர்ந்து நடந்தன. அப்புறம், அளவு பார்க்க அரிசி மூட்டையை ஏற்றினேன். அரிசி ஈரம் குடிக்கும் என்பது உறைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. இரும்புப் படிக்கல் வைத்து ஒரு நாள், வெறும் தட்டாக ஒரு நாள் ஓடவிட்டதில் டிகிரிக்கு ஆறரை கிராம் என்று வந்தது. பாரம் இருந்தால் கொஞ்சம் கூடுதல். செல்லோடு வந்த தாளில் போட்டிருந்ததைப் போல இரண்டு மடங்கு! போகட்டும். அதைக் கழித்ததும் போனில் எடைக் கோடு பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டது. அந்த வாரம் போனைக் கீழே வைக்கவில்லை.

இப்போது புதுச் செல். அதே கம்பெனி, அதே மாடல். பழைய ஆறரை கிராம் கணக்கையே போட்டேன். மத்தியானம் 140 கிராம் குறைந்தது. இது சூட்டில் கீழே இறங்குகிற ஜாதி! தாளில் இருப்பது எவ்வளவு விலகலாம் என்ற எல்லைதான். எந்தப் பக்கம் என்பதை அந்தந்தச் செல்லைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மறுபடியும் படிக்கல், மறுபடியும் இரண்டு நாள்.

ஆகவே நண்பரே, என் புரோகிராம் உமக்கு உதவாது. இந்தச் செல்லும் வேண்டாம், வாங்காதீர். கேட்கமாட்டீர் என்றால் நாலாக வாங்கி, குறைவாக நகர்வதை வைத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஒன்றை இங்கே தாரும். எலி இன்னும் கடையில்தான் இருக்கிறது.