எட்சிடி ஸ்னாப்ஷாட்டா, வெலெரோவா, டேட்டாபேஸின் சொந்தக் கருவியா?

குபர்நெட்டீஸில் (பல கம்ப்யூட்டர்களை ஒரு கிளஸ்டராக இணைத்து அப்ளிகேஷன்களை ஓட்டும் அமைப்பு) ஓடும் அப்ளிகேஷனுக்கு டெர்மினலிலிருந்தே பேக்கப் எடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கிளஸ்டரின் நிலையை வைத்திருக்கும் டேட்டாபேஸான எட்சிடியை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். வெலெரோ என்ற பேக்கப் கருவியை வைத்து நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த பகுதி) வாரியாக எடுக்கலாம். அடியில் இருக்கும் டேட்டாபேஸின் சொந்தக் கருவியை ஓட்டலாம். மூன்றுக்கும் பேக்கப் என்றே பெயர் என்பதால், ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்ற நினைப்பு தானாக வந்துவிடுகிறது. எடுக்கும் கமாண்டைப் பார்த்தால் மூன்றும் ஒரு வரிதான். திருப்பிப் போடும்போதுதான் சாயம் வெளுக்கும். அதனால் ரீஸ்டோர் பக்கத்திலிருந்தே பார்க்கிறேன்.

முதலில் எட்சிடி. கிளஸ்டரில் இருக்கும் டிப்ளாய்மென்ட் (எதை எத்தனை நகல் ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு), சர்வீஸ் (அதை அடையும் முகவரி), சீக்ரெட் (பாஸ்வேர்டு போன்றவை) எல்லாமே கடைசியில் இதற்குள் ஒரு கீ, ஒரு வேல்யூ. கிளஸ்டரை நிர்வகிக்கும் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் பிளேன் நோடில் நுழைந்து, சர்ட்டிஃபிகேட் ஃபைல்கள் இருக்கும் இடத்தைச் சொல்லி, எட்சிடியின் கமாண்ட் கருவியான எட்சிடிசிடிஎல்லில் 'ஸ்னாப்ஷாட் சேவ்' அடித்தால் ஒரே ஒரு ஃபைல் வந்து விழும். எட்சிடியின் டீஃபால்ட் கொள்ளளவே 2 ஜிபி, 8 ஜிபிக்கு மேல் போக வேண்டாம் என்பது அவர்களே சொல்லும் அறிவுரை. ஆகவே ஃபைல் சிறியது, வேலையும் சட்டென்று முடியும்.

ஆனால் அந்த ஃபைலிலிருந்து ஒரு நேம்ஸ்பேஸை மட்டும் உருவி எடுக்க வழியில்லை. கிளஸ்டர் முழுவதும் பழைய நேரத்துக்குப் போக வேண்டும், அல்லது ஒன்றுமே போகக்கூடாது. கிளஸ்டருக்கு வரும் எல்லாக் கோரிக்கைகளையும் வாங்கும் ஏபிஐ சர்வர்களை நிறுத்த வேண்டும், ஒவ்வொரு எட்சிடி உறுப்பினரிலும் அதே ஃபைலிலிருந்து புது டேட்டா டைரக்டரி உருவாக்க வேண்டும், பிறகு வரிசையாகக் கிளப்ப வேண்டும். இதில் இன்னொரு வம்பு: ரீஸ்டோர் கமாண்ட் எட்சிடிசிடிஎல்லில் இப்போது இல்லை. எட்சிடி 3.5-இல் 'இது போகப்போகிறது' என்று எச்சரித்தார்கள், 3.6-இல் எடுத்தேவிட்டார்கள். எட்சிடியூடிஎல் என்ற தனிக் கருவிதான் இனி அதைச் செய்யும். பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் உட்கார்பவர்கள் முதல் கமாண்டிலேயே முட்டி நிற்பார்கள்.

அப்புறம், வால்யூமில் (அப்ளிகேஷன் தன் ஃபைல்களை எழுதும் டிஸ்க் இடம்) இருக்கும் டேட்டாவில் ஒரு பைட்கூட அந்த ஃபைலில் கிடையாது. 'டேட்டாபேஸுக்கு இந்த வால்யூம்' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். சீக்ரெட்டுகளோ, என்கிரிப்ஷன் தனியாகப் போட்டிருக்காவிட்டால், படிக்கிற மாதிரியே கிடக்கும். எனவே ஃபைலைப் பாஸ்வேர்டு போலப் பத்திரப்படுத்த வேண்டும். கிளவுட் நிறுவனம் நடத்தித் தரும் கிளஸ்டர் என்றால் பெரும்பாலும் எட்சிடியைத் தொடவே விடமாட்டார்கள், பேச்சு அங்கேயே முடிந்தது.

வெலெரோ ஏபிஐ சர்வரின் வாசல் வழியாகத்தான் போகிறது. அதனால் நாமே நடத்தும் கிளஸ்டரோ வாடகைக் கிளஸ்டரோ, அதற்கு ஒன்றுதான். குபர்நெட்டீஸை உருவாக்கியவர்களில் இருவரான ஜோ பீடாவும் கிரெய்க் மெக்லக்கியும் தொடங்கிய ஹெப்டியோ நிறுவனத்தில் 'ஆர்க்' என்ற பெயரில் 2017-இல் வெளிவந்தது. ஹெப்டியோவை விஎம்வேர் வாங்கிய பிறகு 2019-இல் வெலெரோ ஆனது. ஸ்பானிஷில் பாய்மரப் படகு என்று பொருள். டிப்ளாய்மென்ட், சீக்ரெட் போன்ற ஆப்ஜெக்ட்டுகளை ஜேசனாக எடுத்து, கட்டி, எஸ்3 மாதிரியான கிளவுட் ஸ்டோரேஜின் ஒரு பக்கெட்டில் போட்டுவிடும். ஒரு நேம்ஸ்பேஸ் மட்டும், ஒரு லேபிள் மட்டும் என்று பிரித்து எடுக்கலாம். வேறு பெயரில் நேம்ஸ்பேஸ் உருவாக்கி அதற்குள் ரீஸ்டோர் செய்யலாம், வேறு கிளஸ்டரிலும் செய்யலாம். எட்சிடியால் முடியாத இந்த இரண்டுக்காகவே நான் இதன் பக்கம்.

அதற்காக இது சாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை டெஸ்ட் கிளஸ்டரில் ஒரு கான்ஃபிக்மேப்பை (அப்ளிகேஷனின் செட்டிங்குகள் இருக்கும் ஆப்ஜெக்ட்) தப்பாகத் திருத்திவிட்டேன். முந்தைய இரவு பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாக ரீஸ்டோர் அடித்தேன். 'கம்ப்ளீட்டட்' என்று வந்தது. திறந்து பார்த்தால் அதே தப்பான வரி. ரீஸ்டோர் லாகை நோண்டினால் ஒரு எச்சரிக்கை: அந்த கான்ஃபிக்மேப் ஏற்கெனவே இருக்கிறது, கிளஸ்டரில் இருப்பதும் பேக்கப்பில் இருப்பதும் வேறுபடுகின்றன. அதாவது இருப்பதை அது தொடாது, இல்லாததைத்தான் உருவாக்கும். அதுதான் டீஃபால்ட். மாற்றி எழுத வேண்டுமென்றால் 'எக்ஸிஸ்டிங் ரிசோர்ஸ் பாலிஸி' என்ற ஃபிளாக்கை 'அப்டேட்' என்று வைக்க வேண்டும். யோசித்தால் இந்த டீஃபால்ட் சரிதான். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை ஒரு கருவி தன்னிஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. ஆனால் 'கம்ப்ளீட்டட்' என்ற சொல்லை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

வால்யூம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி இருந்தால் வெலெரோ அதைப் பயன்படுத்தும். இல்லையென்றால் ஃபைல் ஃபைலாக நகலெடுக்கும். அந்த வேலையை முன்பு ரெஸ்டிக் செய்தது, இப்போது கோபியா செய்கிறது. ஆனால் இந்த நகலெடுப்பு நீங்கள் கேட்டால்தான் நடக்கும். பாடில் (அப்ளிகேஷனின் கன்டெய்னர்கள் ஓடும் அலகு) அனோட்டேஷன், அதாவது ஒரு குறிப்பு, போட வேண்டும், அல்லது எல்லா வால்யூமுக்கும் என்று ஃபிளாக் கொடுக்க வேண்டும். மறந்தால் யாம்ல் (ஆப்ஜெக்ட்டுகளின் வரையறை) எல்லாம் பத்திரமாக இருக்கும், டேட்டா இருக்காது. பேக்கப் முடிந்ததும் 'டிஸ்கிரைப்' கமாண்டை 'டீடெய்ல்ஸ்' ஃபிளாக்கோடு அடித்து, வால்யூம் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒருதடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தாலும் அது அதே ஸ்டோரேஜிலேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பக்கெட்டுக்கு நகர்த்தத் தனி ஃபிளாக் உண்டு. காலக்கெடு சொல்லாமல் விட்டால் 30 நாளில் பேக்கப்பே காலாவதியாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இதெல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஆர்டர் டேட்டாபேஸ் ஒரு வால்யூமில், மெசேஜ் க்யூ இன்னொரு வால்யூமில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே நொடியில் உறைய வைக்கவில்லையென்றால், க்யூவில் மெசேஜ் இருக்கும், அது குறிப்பிடும் ஆர்டர் டேட்டாபேஸில் இருக்காது. பேக்கப்புக்கு முன் ஃபைல்சிஸ்டத்தை உறைய வைக்க வெலெரோவில் ஹுக் என்ற கமாண்ட் வசதி உண்டு. ஆனால் அது ஒரு பாடுக்குள் நடக்கும் காரியம். பத்து சர்வீஸ்களை அது ஒன்றாக நிறுத்தி வைக்காது.

டேட்டாபேஸ் அளவிலாவது கணக்கு நேராக வேண்டுமென்றால் அதன் சொந்தக் கருவிக்குத்தான் போக வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் என் தேர்வு பிஜிபேக்ரெஸ்ட் என்ற பேக்கப் கருவி. முழு பேக்கப்போடு, அதன் பிறகு எழுதப்பட்ட வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதி வைக்கும் பதிவு) லாகுகளையும் சேர்த்து வைக்கும். அதனால் 'நேற்று மதியம் 2:14-க்குக் கொண்டு போ' என்று நேரத்தைச் சொல்லியே ரீஸ்டோர் செய்யலாம். யாரோ 2:15-க்கு எந்த வரிசைகள் என்று சொல்லும் 'WHERE' நிபந்தனை இல்லாமல் ஒரு டெலீட் ஓட்டியிருந்தால் இந்த ஒரு வசதிதான் காப்பாற்றும், மற்ற இரண்டும் கைவிரிக்கும். 'டெல்டா' ஃபிளாக் கொடுத்தால் மாறிய ஃபைல்களை மட்டும் மாற்றும். பெரிய டேட்டாபேஸில் அது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸின் நோட்டூல் ஸ்னாப்ஷாட் வேறு ரகம்: வெறும் ஹார்டு லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்), கண் இமைப்பதற்குள் முடியும், ஆனால் ஒவ்வொரு நோடிலும் ஓட்ட வேண்டும், நகலும் அந்தந்த நோடின் டிஸ்கிலேயே கிடக்கும். அதை வெளியே எடுத்துப் போவது உங்கள் பொறுப்பு.

சொந்தக் கருவி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2017 ஜனவரி 31 அன்று கோட் ஹோஸ்டிங் நிறுவனமான கிட்லேபில் ஒரு இன்ஜினியர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரியை அழித்தார். போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜிடம்ப் தினமும் ஓடுவதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, ஓடியதோ 9.2-இன் பிஜிடம்ப், ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. பேக்கப் இருக்க வேண்டிய பக்கெட் காலி. 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக யதேச்சையாக எடுத்த ஒரு எல்விஎம் (டிஸ்க் அளவிலான) ஸ்னாப்ஷாட்தான் மிஞ்சியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இது: யாம்ல், சீக்ரெட், சாதாரண வால்யூம்களுக்கு வெலெரோ, போஸ்ட்கிரெஸ் வால்யூமை அதிலிருந்து விலக்கிவிட்டு பிஜிபேக்ரெஸ்ட், நாமே நடத்தும் கிளஸ்டரில் மட்டும், அப்கிரேடுக்கு முன் ஒரு எட்சிடி ஸ்னாப்ஷாட். ஆபரேட்டர் (டேட்டாபேஸைத் தானாக நிர்வகிக்கும் புரோகிராம்) வழியாக போஸ்ட்கிரெஸ் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெலெரோ டேட்டாபேஸின் கஸ்டம் ரிசோர்ஸை (ஆபரேட்டர் படிக்கும் வரையறை) மட்டும் திருப்பிப் போட்டால், ஆபரேட்டர் அதைப் பார்த்துப் புத்தம்புது காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கிவிடும். எனவே பழைய பேக்கப்பிலிருந்து கிளம்பு என்ற வரி அந்த ரிசோர்ஸிலேயே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை வேறு பெயருள்ள நேம்ஸ்பேஸில் எல்லாவற்றையும் ரீஸ்டோர் செய்து, ஆர்டர் டேபிளின் கடைசி வரிசையின் நேரத்தைப் பார்க்கிறேன். அது நேற்றைய தேதியாக இருந்தால் நேம்ஸ்பேஸை அழித்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.