நாவலை முடிக்காதவருக்கு எந்தச் சீட்டு விளையாட்டு?

மூல நாவலைப் பாதி படித்திருக்கும் நண்பரோடு ஆட, நாவல்களைத் தழுவிய விளையாட்டுகளில் 2011இல் வந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ சீட்டு விளையாட்டைத்தான் எடுப்பேன். அந்த நாவலில் நாயகன் ஃபுரோடோவின் உறவினர் பில்போவின் 111ஆவது பிறந்தநாளுக்கும் ஃபுரோடோ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் நடுவே 17 ஆண்டுகள். நாவல் அவற்றைச் சட்டென்று தாண்டிவிடும். அந்த இடைவெளியில்தான் இதன் சாகசங்கள் நடக்கின்றன, முடிவு கசியாது. ‘சாகா’ வரிசைக் கூடுதல் பெட்டிகளை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அவை நாவலின் கதையையே நடத்துகின்றன.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ விளையாட்டின் 2015 பதிப்பு அப்படியில்லை. அந்த நாவல் தொடரின் வெவ்வேறு புத்தகங்களில் வரும் ஆட்கள் ஒரே மேசையில் வந்து நிற்பார்கள். ஒரு சீட்டில் தடித்த எழுத்தில் ‘அரசர்’ என்று இருந்தாலே போச்சு, நூறு பக்கத்துக்கு அப்புறம் வரும் திருப்பம் தெரிந்துவிடும். ஆட்டமாக இதுதான் விறுவிறுப்பு. ஆனாலும் மூன்றாம் புத்தகத்தைத் தாண்டாதவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.