பழைய நேரோபோட்டுக்கு என்ன அடிப்பது: தாரா எபாக்ஸியா, எனாமலா டூ-பேக்கா?

1980-களில் கட்டிய 57 அடி எஃகு நேரோபோட் (இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகு) ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் குறுங்கால்வாய்களில் லாக் தொட்டிகள் (படகை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள்) ஏறக்குறைய 7 அடி அகலம்தான் என்பதால், படகின் அகலம் பெரும்பாலும் 6 அடி 10 அங்குலத்தோடு நின்றுவிடும். 57 அடி நீளத்துக்குள் இருந்தால் வடக்கே உள்ள குட்டை லாக்குகளிலும் பெரும்பாலானவற்றைக் கடந்துவிடலாம். அதனால் பழைய படகு வாங்கிச் சொந்தக் கையால் புதுப்பிக்க நினைப்பவர்களிடம் இந்த அளவுப் படகு நிறைய வந்து சேர்கிறது. வந்து சேர்ந்ததும் எல்லோரும் கேட்பது பெயின்ட் பற்றித்தான். எந்தப் பெயின்ட் என்பதைத் தகட்டின் நிலைதான் தீர்மானிக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

தகட்டை அளந்த பிறகே பெயின்ட் கடை

இன்றைய படகுகளை '10/6/4' என்பார்கள்: அடித்தகடு 10 மி.மீ., பக்கத் தகடு 6, கேபின் 4. பழைய படகுகள் பலவற்றில் அடித்தகடே 6 மி.மீ.தான் இருக்கும். படகை உலர்துறையில் ஏற்றி, அல்ட்ராசோனிக் மானியால் தகட்டின் கனத்தை இடம் இடமாக அளக்கச் சொல்லுங்கள். மிச்சக் கனம் 4 மி.மீ.க்குக் கீழே போனால் முழுக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்கும். நீர்மட்டக் கோடு, சுக்கானுக்கு அருகே உள்ள பின்பகுதி, அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் நெருக்கமாக அளக்க வேண்டும்.

ஆங்காங்கே குழி மட்டும் இருந்தால் குழியை வெல்டிங்கால் நிரப்புவது போதும். பரவலாகத் தேய்ந்திருந்தால் மேல்தகடு ஒட்ட வேண்டிவரும். அதைச் சிலர் நிரந்தரத் தீர்வாகப் பார்க்கிறார்கள். ஆனால் எடையைக் கணக்குப் போடுங்கள். 4 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 31 கிலோ. 57 அடிப் படகின் அடித்தகடு ஏறக்குறைய 35 சதுர மீட்டர். அடிக்கு மட்டும் தகடு ஒட்டினாலே ஒரு டன்னுக்கு மேல் கூடும். உள்ளே இருக்கும் பாரக்கற்களில் அதே அளவு வெளியே எடுக்காவிட்டால் படகு தாழ்ந்து, பக்கத்து வடிகால் துளைகள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். வெல்டிங் சூட்டில் உள்ளே இருக்கும் நுரைக் காப்பு தீப்பிடிக்கலாம். வேலை நடக்கும்போது உள்ளே ஓர் ஆள் தண்ணீரோடு நிற்க வேண்டும். துத்தநாகமோ மக்னீசியமோ ஆனோடு (எஃகுக்குப் பதில் தான் அரிந்து தகட்டைக் காக்கும் உலோகக் கட்டி) வெல்டிங் செய்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தண்ணீருக்குக் கீழே: தார் எதிர் எபாக்ஸி

இந்த அலசலின் கனமான பகுதி இதுதான். படகு வட்டாரத்தில் 'பிளாக்கிங்' என்று சொல்வது அடிக்கூட்டின் கறுப்புப் பூச்சை. பழைய வழி பிட்டுமன், அதாவது தார் வகை. புதிய வழி இரண்டு டின் கலக்கும் எபாக்ஸி.

பிட்டுமனின் பெரிய பலம் அதன் பொறுமை. பழைய பிட்டுமன் உறுதியாக ஒட்டியிருந்தால் அதன்மேலேயே அடிக்கலாம். உயர் அழுத்த நீரால் கழுவி, பாசியையும் தளர்ந்த துருவையும் சுரண்டி, காய்ந்ததும் ரோலரில் இரண்டு மூன்று கோட் போட்டுவிடலாம். ஒருவரே ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். பலவீனமும் தெளிவானது: 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி படகைத் தூக்க வேண்டும். டீசல் பட்டால் கரையும். லாக் சுவரில் உரசினால் அந்த இடம் வெறும் எஃகாகிவிடும்.

எபாக்ஸி சரியாகப் பிடித்தால் 7 முதல் 10 ஆண்டு தாங்கும். டீசலுக்கு அசையாது. உரசலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் பிட்டுமனின் சுவடு இருந்தால் அதன்மேல் ஒட்டாது. சில மாதத்தில் பாளம் பாளமாக உரியும். பழைய தார் முழுவதும் போய், எஃகு Sa 2½ தரத்துக்கு வெளுத்துச் சொரசொரப்பாக நிற்க வேண்டும். அதற்கு நடைமுறையில் கிரிட் பிளாஸ்டிங்தான் (கூரிய துகள்களைக் காற்றழுத்தத்தால் வீசிச் சுரண்டுவது) வழி. 'எப்படிப்பட்ட பரப்பிலும் ஒட்டும்' என்று விற்கும் ஜோட்டாமாஸ்டிக் போன்ற எபாக்ஸி மாஸ்டிக் வகைகள் கையால் சுத்தம் செய்த துருவைக்கூடப் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. பிட்டுமனைப் பொறுக்காது என்பதும் உண்மை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை இழப்பவர்கள் நிறைய.

எவ்வளவு வாங்குவது? பக்கவாட்டை மட்டும் கணக்கிட்டால் 17.4 மீ. நீளம், 0.9 மீ. உயரம், இரண்டு பக்கம்: சுமார் 31 சதுர மீட்டர். பிட்டுமன் லிட்டருக்கு 5 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு கோட்டுக்கு 6 லிட்டருக்குச் சற்று மேல், மூன்று கோட்டுக்கு 20 லிட்டர் டின் ஒன்று. எபாக்ஸிக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: கனப்பொருள் (காய்ந்தபின் படலமாக மிஞ்சும் பங்கு) சதவீதத்தைப் பத்தால் பெருக்கி, காய்ந்த படலத்தின் மைக்ரான் அளவால் வகுக்கவும். 80 சதவீத எபாக்ஸியை 125 மைக்ரானுக்கு அடித்தால் லிட்டருக்கு 6.4 சதுர மீட்டர். இது தாளில் உள்ள கணக்கு. குழிவிழுந்த பழைய தகட்டில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தகட்டுக்கும் சேர்த்து அடிப்பதானால் அளவு இரட்டிப்பாகும். அடியைப் பூச வேண்டாம் என்ற பழைய பழக்கம் இன்னும் சில துறைகளில் உண்டு. ஆனால் 6 மி.மீ. அடித்தகடு உள்ள பழைய படகில் அந்தச் சோம்பல் கூடாது. படகைத் தாங்கும் கட்டைகளைப் பாதி வேலையில் நகர்த்தித் தரத் துறைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எபாக்ஸி தோற்கும் இடங்கள் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முதலாவது ஈரப்பனி. எஃகின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மேல் குறைந்தது 3 டிகிரி இருக்க வேண்டும். காற்று 12 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை ஏறத்தாழ 9.6. எஃகு 12.6-ஐத் தொடவில்லை என்றால் அன்று அடிக்கக் கூடாது. பெரும்பாலான நேரோபோட்டுகளில் மூக்குப் பகுதியே தண்ணீர்த் தொட்டி. அது நிறைந்திருந்தால் அந்த இடத்து எஃகு மதியம் வரை குளிர்ந்து வியர்த்துக்கொண்டே இருக்கும். துறையில் ஏற்றுமுன் தொட்டியைக் காலி செய்யுங்கள். இரண்டாவது, குளிரிலும் ஈரத்திலும் எபாக்ஸியின் மேல் படரும் மெழுகுபோன்ற வழுவழுப்பு. அதைச் சோப்புநீரால் கழுவாமல் அடுத்த கோட் போட்டால் இரண்டு கோட்டும் பிரிந்துவிடும். மூன்றாவது, கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி. தரவுத்தாளில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் போட்டிருக்கும். அதிகபட்சத்தைத் தாண்டிவிட்டால் மறுபடி உப்புத்தாளால் தேய்க்காமல் அடுத்ததைப் போட வழியில்லை.

கலக்கும்போது கண்ணளவு வேண்டாம். ஒரு டின்னில் குச்சியைவிட்டு நாலு சுற்று சுற்றி, பாதியை இன்னொன்றில் ஊற்றினால் சில இடம் என்றைக்கும் காயாது. கலந்த எபாக்ஸி வாளியிலேயே இருந்தால் தானாகச் சூடேறிப் புகையும். உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். நைட்ரைல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடாதீர்கள். தோல் ஒவ்வாமை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு எபாக்ஸி பக்கமே போக முடியாது.

நம் கருத்து: பிளாஸ்டிங் செய்யக் காசும் மூடிய துறையும் கிடைத்தால் எபாக்ஸி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பிட்டுமன். அரைகுறைச் சுத்தத்தின் மேல் அடித்த எபாக்ஸியைவிட, ஒழுங்காக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கும் பிட்டுமன் தகட்டை நெடுநாள் காக்கும். எது அடித்தாலும் ஆனோடு மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது. அடிக்குமுன் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். கால்வாயின் நன்னீருக்கு மக்னீசியம் ஆனோடுதான், துத்தநாகம் உப்புநீருக்கானது.

துருவை எடுப்பது: கிரைண்டரா, பிளாஸ்டிங்கா

ஆங்கிள் கிரைண்டரில் முறுக்குக் கம்பிக் கிண்ணம் மாட்டித் தேய்த்தால் பளபளவென்று வரும். அந்தப் பளபளப்புதான் ஏமாற்றம்: துருவின் மேல்தளத்தை அது மெருகேற்றிவிடுகிறது, குழிக்குள் துரு அப்படியே இருக்கிறது, பிரைமருக்குப் பிடிமானமும் போய்விடுகிறது. குழிகளுக்கு ஊசித் துப்பாக்கி (ஊசிக் கட்டால் தட்டித் துருவை உதிர்க்கும் கருவி) நல்லது. பரந்த இடத்துக்குக் கருப்புப் பிளாஸ்டிக் வலைபோன்ற ஸ்ட்ரிப் டிஸ்க் நல்லது.

பிளாஸ்டிங் ஒரே நாளில் அடிக்கூடு முழுவதையும் வெளுத்துவிடும். தேய்ந்த தகட்டில் ஓட்டையும் விழலாம். அது படகு தரையில் இருக்கும்போதே தெரிவது நல்லதுதான். வெளுத்த எஃகு சில மணி நேரத்தில் மறுபடி மஞ்சளாகும் என்பதால் அன்றைக்கே பிரைமர் ஏறியாக வேண்டும். எஞ்சின் காற்றுத் துளை, ஜன்னல், கேஸ் பெட்டி எல்லாவற்றையும் முதலில் மூடுங்கள். கேபினின் 4 மி.மீ. தகட்டில் பிளாஸ்டிங் ஆள் ஒரே இடத்தில் நின்றால் தகடு நெளியும். கேபினுக்கு 150 மி.மீ. சுழல் சாண்டரே நம் தேர்வு.

ஒரு ஒழுங்கை மாற்றாதீர்கள்: முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது, அப்புறம்தான் தேய்ப்பது. மாற்றிச் செய்தால் பழைய மெழுகையும் சிலிக்கோனையும் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். பிறகு கிளாஸில் (பளபளப்பான கடைசிப் பூச்சு) மீன்கண் போல வட்டக் குழி விழும்போது காரணம் புரியாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சோதனைக் குச்சியால் பார்த்துவிட்டு, இருந்தால் ஈரத் தேய்ப்பும் நுண்தூசியைத் தடுக்கும் P3 முகமூடியும் கட்டாயம்.

கேபின்: எனாமலா, டூ-பேக் பாலியூரித்தேனா

டூ-பேக் பாலியூரித்தேன் (இதுவும் இரண்டு டின் கலப்பது) கண்ணாடிபோல வரும், பத்தாண்டு மங்காது. ஆனால் அதன் தின்னர் அடியில் இருக்கும் பழைய எனாமலைச் சுருட்டித் தூக்கிவிடும். எனவே வெறும் எஃகிலிருந்து தொடங்கினால் மட்டுமே அதை நினைக்கலாம். அதைவிடப் பெரிய தடை அதில் உள்ள ஐசோசயனேட். ஸ்ப்ரே அடிக்கும்போது சாதாரண வடிகட்டி முகமூடி போதாது; வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். அது தரும் மூச்சிரைப்பு நோய் வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடியது. பகிர்ந்த கொட்டகையில் பக்கத்துப் படகில் வேலை செய்பவரும் அதே காற்றைச் சுவாசிக்கிறார். சொந்தக் கையால் செய்பவருக்கு இது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வோம்.

கிராஃப்ட்மாஸ்டர், எபிஃபேன்ஸ் போன்றவர்களின் ஒற்றை டின் எனாமல் 5 முதல் 7 ஆண்டு நன்றாக இருக்கும். லாக்கில் கீறினால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திருத்தலாம். நேரோபோட் கீறாமல் இருக்கவே இருக்காது என்பதால் இந்த வசதி பளபளப்பைவிட மதிப்புள்ளது.

வரிசை இது: இரண்டு கோட் பிரைமர், பள்ளங்களுக்குப் பட்டி, இரண்டு மூன்று அண்டர்கோட், இரண்டு கிளாஸ். தேய்ப்பு 80-இல் தொடங்கி 180, அண்டர்கோட்டுக்கு 320, கிளாஸ்களுக்கு நடுவே 400 ஈரத்தாள். பக்கச் சுவர் இரண்டும் சேர்த்துச் சுமார் 26 சதுர மீட்டர். லிட்டருக்கு 12 என்றால் ஒரு கோட்டுக்கு 2.5 லிட்டர் டின் ஒன்று சரியாக இருக்கும். ஒரே நிறத்தின் எல்லா டின்களையும் ஒரு வாளியில் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். டின்னுக்கு டின் சாயல் மாறினால் சுவரின் நடுவில் கோடு தெரியும்.

கிளாஸுக்கு இருவர் வேண்டும். ஒருவர் நான்கங்குல நுரை ரோலரில் இரண்டடி அகலத்துக்குப் பூசிக்கொண்டு போக, மற்றவர் உடனே நல்ல பிரஷ்ஷின் நுனியால் மேலிருந்து கீழே மெல்ல இழுத்து முடிக்க வேண்டும். ஈர விளிம்பு காயவிடக் கூடாது. பிரஷ் இழுபட்டால் ஓவட்ரோல் எண்ணெய் கொஞ்சம் சேர்த்தால் ஓட்டம் வரும். நேர் வெயில் படும் பக்கத்தில் அடிக்காதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் நிறுத்துங்கள். மாலைப் பனி விழுந்தால் மறுநாள் காலையில் கிளாஸ் பாலாடைபோல மங்கிக் கிடக்கும். அதை மறுபடி தேய்த்து அடிப்பதுதான் மருந்து.

கூரைக்கு வெளிர் சாம்பலோ கிரீமோ அடியுங்கள். கரும்நிறக் கூரை வெயிலில் கொதித்து உள்ளே இருப்பவரை வாட்டும், பெயின்ட்டையும் சீக்கிரம் வெடிக்கவைக்கும். நடக்கும் இடத்தில் ஈரப் பெயின்ட்டின் மேல் உலர்ந்த மெல்லிய மணலைத் தூவி, காய்ந்ததும் மிச்சத்தைக் கூட்டிவிட்டு, மேலே ஒரு கோட்.

ஜன்னல்: கழற்றுவதா, டேப் ஒட்டுவதா

கழற்றுங்கள். துரு பெரும்பாலும் அலுமினியச் சட்டத்தின் பின்னால்தான் தொடங்குகிறது. டேப் ஒட்டி அடித்தால் ஓராண்டில் அதே இடத்தில் கொப்புளம் எழும். எட்டு ஜன்னலுக்கு இரண்டு நாள் வேலை கூடும், அவ்வளவுதான். துளைக்குத் தற்காலிகமாகப் பிளைவுட் அடைத்து, திரும்ப மாட்டும்போது புதிய நுரைப்பட்டையும் புதிய ஸ்டெயின்லெஸ் திருகும் போடுங்கள். சிலிக்கோன் வேண்டாம், அடுத்த முறை பெயின்ட் அடிப்பவருக்கு மீன்கண் தொல்லை அங்கிருந்துதான் வரும்.

எழுத்து: வினைலா, கையெழுத்தா

வினைல் ஒரு மதியத்தில் ஒட்டிவிடலாம். விளிம்பு பெயர்வதும், உரித்தபின் அடியில் பழைய நிறத்தில் எழுத்தின் நிழல் நிற்பதும் அதன் குறை. ரோஜாவும் கோட்டையும் வரையும் மரபு உள்ள படகில் பெயரைப் பிரஷ்ஷால் எழுதுவதே பொருந்தும். கிளாஸ் நன்கு இறுகியபின் சாக்பீஸ் கோட்டுக்குள் எழுத்தோவிய எனாமலால் எழுதலாம், தவறினால் உடனே துணியால் துடைத்துவிடலாம். பதிவு எண் பலகைக்கு மட்டும் வினைலே போதும்.