ரோட்டரியா, லயன்ஸா? ஓட்டு யார் கையில், பணம் எந்த வழியில்

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம், அரசுப் பள்ளிக்கு மேசை நாற்காலி, ஜூலை பிறந்ததும் பதவியேற்பு விழா. சங்கத் தலைவருக்கு ஓராண்டு, பல சங்கங்கள் சேர்ந்த மாவட்டத்தின் தலைவரான கவர்னருக்கு ஓராண்டு, உலகத் தலைவருக்கும் ஓராண்டு. பிறந்த ஊரும் ஒன்றே. 1905 பிப்ரவரி 23 அன்று வழக்கறிஞர் பால் ஹாரிஸ் சிகாகோவில் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து தொடங்கியது ரோட்டரி. அதே சிகாகோவில் 1917 ஜூன் 7 அன்று, இன்சூரன்ஸ் தொழிலில் இருந்த மெல்வின் ஜோன்ஸின் அழைப்பில் பல சங்கங்களின் பிரதிநிதிகள் கூடியதிலிருந்து வந்தது லயன்ஸ், நம் ஊர் வழக்கில் அரிமா சங்கம். இன்றும் இரண்டின் தலைமையகமும் இல்லினாய் மாநிலத்தில்தான்: ரோட்டரிக்கு எவன்ஸ்டன், லயன்ஸுக்கு ஓக் புரூக்.

உள்ளே போனால் அமைப்பு வேறு. எதில் சேரலாம் என்று யோசிப்பவரும், ஊரில் புதுச் சங்கம் தொடங்க 20 பேரைத் திரட்டுபவரும் (இரண்டிலும் அங்கீகாரம் பெறக் குறைந்தபட்சம் 20 பேர் வேண்டும்) பார்க்க வேண்டியவை இரண்டு. முடிவெடுக்கும் ஓட்டு யாரிடம் இருக்கிறது? நாம் கொடுக்கும் பணம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது?

சங்கத்துக்குள்

ரோட்டரி இன்டர்நேஷனலின் உறுப்பினர் நீங்கள் அல்ல, உங்கள் சங்கம். லயன்ஸிலும் அப்படியே. அதனால் உறுப்பினருக்கு ஒரு குறை இருந்தால் அது முதலில் சங்கத்தின் வழியாகத்தான் மேலே போகும்.

வேறுபாடு சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1922 ஜூன் 6-க்குப் பின் சேர்ந்த எந்த ரோட்டரி சங்கமும் தலைமையகம் தரும் நிலையான சங்கச் சாசனத்தை அப்படியே ஏற்க வேண்டும். அதில் கை வைக்க முடியாது. துணை விதிகளை மட்டும் ஊருக்கேற்ப எழுதிக்கொள்ளலாம். லயன்ஸ் சங்கம் மேலிடச் சட்டத்துக்கு முரண்படாத வரை தனக்கென ஒரு சாசனம் எழுதிக்கொள்ளலாம். எழுதவில்லை என்றால் நிலையான மாதிரியே செல்லும்.

பல சங்கங்கள் துணை விதி மாதிரியைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, படிக்காமலே இருந்துவிடுகின்றன. சிக்கல் வருவது கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, கேட்கும்போது. ரோட்டரியின் பரிந்துரை விதிப்படி மொத்த உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் கூட்டம் செல்லும். லயன்ஸ் மாதிரியில் நல்ல நிலையிலுள்ள (சந்தா பாக்கியில்லாத) உறுப்பினரில் பாதிக்கு மேல் வேண்டும். 45 பேர் கொண்ட சங்கத்தில் ரோட்டரிக்கு 15 பேர் போதும், லயன்ஸுக்கு 23 பேர். கோரம் இல்லாமல் நடந்த தேர்தலை ஆறு மாதம் கழித்து ஒருவர் கிளறினால், அதுவரை எடுத்த முடிவுகள் எல்லாம் ஆட்டம் காணும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதைச் செயலாளர் சடங்காக நினைக்கக் கூடாது.

மேலே போகும் படிகள்

லயன்ஸில் படிகள் அதிகம். 4 முதல் 8 சங்கங்கள் ஒரு வட்டாரம், 10 முதல் 16 சங்கங்கள் ஒரு மண்டலம். அதற்கு மேல் மாவட்டம், அதற்கு 35 சங்கங்களும் 1,250 உறுப்பினர்களும் வேண்டும். பல மாவட்டங்கள் சேர்ந்தது மல்டிபிள் டிஸ்ட்ரிக்ட். தமிழ்நாட்டு லயன்ஸ் மாவட்டங்களின் எண்கள் 324 என்று தொடங்குவது இதனால்தான். இலங்கையில் அந்த எண் 306. மல்டிபிளில் கவர்னர்கள் கூடும் கவுன்சில் உண்டு, அதற்கு ஒரு தலைவரும் உண்டு.

ரோட்டரியில் மல்டிபிள் என்ற படி கிடையாது. மாவட்டத்திலிருந்து நேராக எவன்ஸ்டன். நெல்லைச் சீமையின் 3212 ஆகட்டும், இலங்கையையும் மாலத்தீவையும் சேர்த்த 3220 ஆகட்டும், ஒவ்வொன்றும் தனித்தனி. கவர்னர் நியமிக்கும் உதவி கவர்னர்கள் சில சங்கங்களைக் கவனிப்பார்கள், ஆனால் அது தேர்தல் பதவி அல்ல. உலகம் முழுவதும் பல மாவட்டங்களைச் சேர்த்துப் பிரித்த 34 ஜோன்கள் இருக்கின்றன. அவை முக்கியமாக இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கவும் பயிற்சிக்கும்தான்.

25 பேர் உள்ள சிற்றூர்ச் சங்கத்துக்கு லயன்ஸின் கூடுதல் படிகள் உதவியாகவே இருக்கின்றன. எட்டே சங்கங்களைப் பார்க்கும் வட்டாரத் தலைவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார், கேட்டால் வருவார். ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கூட்டம், ஒரு பதிவுக் கட்டணம், ஒரு மாநாடு. சேரும் முன் சர்வதேசச் சந்தாவை மட்டும் கேட்டால் போதாது. மாவட்டத்துக்கு எவ்வளவு, மல்டிபிளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

ஓட்டு

ரோட்டரி வடிகட்டித் தேர்ந்தெடுக்கிறது. லயன்ஸ் அரங்கத்தில் வாக்குப்பெட்டி வைக்கிறது. இரண்டுக்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாடு இதுவே.

ரோட்டரி கவர்னர் பதவியேற்பதற்கு 24 முதல் 36 மாதங்களுக்கு முன்பே தேர்வாகிவிடுகிறார். சங்கத் தலைவராக இருந்திருக்க வேண்டும், பதவியேற்கும்போது ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். பெரும்பாலும் மாவட்ட நியமனக் குழு ஒருவரைப் பரிந்துரைக்கும், அதை எதிர்த்து ஒரு சங்கம் போட்டி வேட்பாளரை நிறுத்தலாம். வாக்கு என்று வந்தால் 25 உறுப்பினருக்கு ஒன்று: 37 பேர் வரை ஒரு வாக்கு, 38 முதல் 62 வரை இரண்டு, 63 முதல் 87 வரை மூன்று. கவர்னர் தேர்வில் ஒரு சங்கத்தின் வாக்குகள் முழுவதும் ஒருவருக்கே போக வேண்டும், பிரிக்க முடியாது. 37 பேரோடு நிற்கும் சங்கம் இன்னும் ஒருவரைச் சேர்த்தால் அதன் குரல் இரட்டிப்பாகும். மாவட்டத் தேர்தல் காலத்தில் உறுப்பினர் எண்ணிக்கை திடீரென்று ஏறுவதற்கு இது ஒரு காரணம். அப்படிச் சேர்த்த பெயர்களுக்கு ஜூலை 1, ஜனவரி 1 கணக்குப்படி டாலரில் சந்தா கட்ட வேண்டியது சங்கம்தான். பெயரை நீக்க மறந்த செயலாளரின் சங்கம் அடுத்த அரையாண்டுக்கும் சேர்த்துக் கட்டும்.

உலகத் தலைவரும் அதே வடிகட்டி வழியேதான் வருகிறார். முன்னாள் இயக்குநர்களில் ஒருவரை 17 பேர் கொண்ட நியமனக் குழு தேர்ந்தெடுக்கும். உலக மாநாட்டில் நடப்பது பெரும்பாலும் அதை முறைப்படி அறிவிப்பதுதான். இயக்குநர் குழுவில் 19 பேர்: தலைவர், அடுத்த தலைவர், ஜோன்களிலிருந்து 17 பேர். 34 ஜோன்களும் முறைவைத்து அனுப்புகின்றன. பதவிக்காக ஓட்டுக் கேட்பதை ரோட்டரி விதி தடுக்கிறது. நல்ல நோக்கம்தான், ஆனால் போட்டி வேட்பாளர் என்ன நினைக்கிறார் என்பதே சாதாரண உறுப்பினருக்குத் தெரியாமல் போகிறது. பிரச்சாரமோ ஒளிந்து நடக்கிறது, பிறகு அதன் மேல் புகார் வருகிறது.

லயன்ஸில் பிரச்சாரம் வெளிப்படை. மாவட்ட மாநாட்டில் 10 உறுப்பினருக்கு ஒரு பிரதிநிதி, உலக மாநாட்டில் 25-க்கு ஒருவர். மாவட்ட மாநாட்டுக் கணக்கில் ஓராண்டும் ஒரு நாளும் நிறைந்த உறுப்பினர்களையே சேர்ப்பார்கள், கடைசி நேரத்தில் ஆள் சேர்த்து ஓட்டு வாங்க முடியாது. வகுத்து வரும் மீதி பாதியோ அதற்கு மேலோ இருந்தால் இன்னொரு பிரதிநிதி உண்டு. 40 பேர் கொண்ட சங்கத்துக்கு உலக மாநாட்டில் இரண்டு வாக்குகள், மாவட்டத்தில் நான்கு. மூன்றாம் துணைத் தலைவரையும் இயக்குநர்களையும் அந்தப் பிரதிநிதிகள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உங்கள் சங்கத்துக்கு வாக்கு உண்டு, ஆனால் அதைப் போடப் பிரதிநிதி மாநாடு நடக்கும் ஊரில் இருக்க வேண்டும். அது வேறு கண்டத்தில் நடந்தால், சிற்றூர்ச் சங்கத்தின் இரண்டு வாக்குகளும் பையிலேயே தங்கிவிடும். பயணச் செலவைத் தாங்குபவர்களின் ஓட்டே எண்ணப்படும். நேரடி ஜனநாயகம் என்று லயன்ஸ்காரர்கள் பெருமையாகச் சொல்வதில் உண்மை இருக்கிறது, இந்தக் குறையும் சேர்ந்தே இருக்கிறது.

சட்டம் மாறும் வேகம்

ரோட்டரிக்கு ஒரு சட்டமன்றமே உண்டு. மாவட்டத்துக்கு ஒருவர் வீதம் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் சட்டமியற்றும் மன்றம் அது. ஒரு சங்கம் திருத்தம் எழுதி, மாவட்டத்தின் ஒப்புதல் பெற்று அனுப்பலாம். சர்வதேசச் சாசனத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், மற்றவற்றுக்குப் பெரும்பான்மை போதும். ஆண்டுச் சந்தாவை நிர்ணயிப்பதும் அங்கேதான். மன்றம் கலைந்த பின்பும், சங்கங்களின் மொத்த வாக்குரிமையில் 5 சதவீதம் எதிர்த்து எழுதினால் அந்த முடிவு நிறுத்திவைக்கப்பட்டு எல்லாச் சங்கங்களின் வாக்குக்கும் போகும். இவ்வளவு பயனுள்ள உரிமை கையில் இருந்தும், தங்கள் மாவட்டத்தின் மன்றப் பிரதிநிதி யார் என்று தெரியாத சங்கங்கள் ஏராளம்.

லயன்ஸில் இந்த வேலையையும் ஆண்டுதோறும் கூடும் உலக மாநாடே செய்கிறது. சாசனத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு, துணை விதிக்குப் பெரும்பான்மை.

இரண்டின் வேகத்தையும் ஒரே விஷயத்தில் வைத்துப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக 1978-ல் அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே 4 அன்று ரோட்டரிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அந்த ஜூலையிலேயே தைபே மாநாட்டில் லயன்ஸ் பிரதிநிதிகள் வாக்களித்துப் பெண்களுக்குக் கதவைத் திறந்தார்கள். ரோட்டரி உலகம் முழுவதற்குமாக விதியை மாற்றியது 1989 மன்றத்தில். முதல் பெண் உலகத் தலைவரும் லயன்ஸுக்கே முந்தி வந்தார்: ஐஸ்லாந்தின் குட்ரூன் இங்வதோத்திர், 2018. ரோட்டரிக்குக் கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ், 2022.

பணம்

சந்தாவும் அறக்கட்டளை நன்கொடையும் வெவ்வேறு. சந்தா நிர்வாகத்துக்கு. சேவைப் பணம் ரோட்டரியில் ரோட்டரி பவுண்டேஷன் வழியாகப் போகிறது. 1917-ல் ஆர்ச் கிளம்ப் யோசனையில் தொடங்கியபோது அதற்கு வந்த முதல் தொகை 26 டாலர் 50 சென்ட். லயன்ஸில் 1968-ல் தொடங்கிய அதன் அறக்கட்டளை எல்.சி.ஐ.எஃப். இரண்டிலும் 1,000 டாலருக்கு ஒரு கௌரவம் உண்டு: இங்கே பால் ஹாரிஸ் ஃபெலோ, அங்கே மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ.

ரோட்டரியின் கணக்கு இப்படி: இன்று ஆண்டு நிதிக்குக் கொடுத்தது மூன்றாண்டு கழித்து, சிறு பகுதி நிர்வாகத்துக்குப் போக, ஏறக்குறைய பாதி உங்கள் மாவட்டத்தின் பெயரில் டி.டி.எஃப். (மாவட்டம் ஒதுக்கிச் செலவிடும் நிதி) ஆகத் திரும்பும். மறுபாதி உலக நிதிக்கு. வெளிநாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து செய்யும் பெரிய திட்டத்துக்கான மானியமான குளோபல் கிராண்ட் வேண்டுமென்றால் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர், உள்ளூரில் ஒரு சங்கம், வெளிநாட்டில் ஒரு சங்கம். டி.டி.எஃப். தொகைக்கு உலக நிதி 80 சதவீதம் சேர்க்கும். இரு மாவட்டங்களும் சேர்ந்து 15,000 டாலர் டி.டி.எஃப். தந்தால் உலக நிதி 12,000 தரும், மொத்தம் 27,000. மீதி 3,000 ரொக்கம், அதற்கு இணைத்தொகை கிடையாது, கூடுதலாக 5 சதவீதம், அதாவது 150 டாலர், கட்டவும் வேண்டும்.

விண்ணப்பங்கள் அதிகம் திரும்பி வருவது பணப் பற்றாக்குறையால் அல்ல. சமூகத் தேவை ஆய்வு செய்யாமல், முதலில் கருவியைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு தேவையை எழுதுவதால்தான். கிராண்டுக்குத் தனி வங்கிக் கணக்கு இல்லாததும், பழைய கிராண்டின் அறிக்கை பாக்கி இருப்பதும் அடுத்த காரணங்கள்.

எல்.சி.ஐ.எஃப். அளவில் சிறிய, உடனடியான உதவிக்கு வசதி. புயல், வெள்ளம் வந்தால் கவர்னர் விண்ணப்பித்து 10,000 டாலர் வரை அவசர மானியம் பெறலாம், வெளிநாட்டுக் கூட்டாளி தேவையில்லை. சங்கம் ஓராண்டில் தகுதியுள்ள நன்கொடையாக 5,000 டாலர் கொடுத்திருந்தால் அதில் 15 சதவீதம் உள்ளூர்த் திட்டத்துக்குத் திரும்பும். ரோட்டரியின் பாதியோடு ஒப்பிட்டால் இது குறைவு. பெரிய மருத்துவக் கருவி, குடிநீர்த் திட்டம் என்றால் ரோட்டரி வழியே நல்லது. வெள்ளத்துக்கு மறுவாரம் போர்வையும் அரிசியும் என்றால் லயன்ஸ்.

ஒரு விஷயத்தில் லயன்ஸ் விதி கண்டிப்பு, அது சரியும்கூட: பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே போக வேண்டும். நிர்வாகக் கணக்கு ஒன்று, சேவைக் கணக்கு ஒன்று. உணவு விழா நடத்தி வந்த வசூலில் பதவியேற்பு விழாச் சாப்பாட்டுச் செலவைக் கழிக்கக் கூடாது. பொருளாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இந்தியாவில் இன்னொரு வளையம் உண்டு. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, அந்தப் பணத்தைப் பெற்ற அமைப்பு வேறொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். வெளிநாட்டுச் சங்கம் நண்பர்தானே என்று நேராகச் சங்கக் கணக்கில் பணம் வாங்குவது குற்றமாகிவிடும். வரிவிலக்கு ரசீது கொடுக்க, சங்கத்தோடு சேர்த்து, வருமான வரித் துறையில் அதற்கெனப் பதிவுள்ள அறக்கட்டளையும் வேண்டும்.

ஓராண்டுப் பதவி

இரண்டுக்கும் உள்ள பொதுவான நோய் இது. ஜூலையில் தொடங்கிய டயாலிசிஸ் மையம் அடுத்த ஜூலையில் புதிய தலைவரின் புதிய ஆசைக்கு இடம் விட்டு நிற்கும். ரோட்டரியில் சங்கத் தலைவரை அவர் பதவியேற்பதற்குக் குறைந்தது 18 மாதம் முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி இதற்கு ஓரளவு மருந்து, அவருக்குப் பழக நேரம் கிடைக்கிறது. லயன்ஸில் துணைத் தலைவர் வரிசை அந்த வேலையைச் செய்கிறது.

இதற்குச் செய்யக்கூடியது: மூன்றாண்டுக்கு மேல் ஓடும் திட்டத்தைச் சங்கத் தலைவரின் பெயரில் வைக்காமல் அறக்கட்டளையின் பெயரில் வையுங்கள். பராமரிப்புச் செலவை முதல் நாளே ஒதுக்குங்கள். காசோலையில் இருவர் கையெழுத்து, அதில் ஒருவர் அறங்காவலர்.

சேர அழைக்கும் சங்கத்திடம், அது எதுவானாலும், மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: சங்கத்தின் துணை விதி, கடந்த ஆண்டின் நிர்வாகம், சேவை ஆகிய இரண்டு கணக்குகளுக்கும் வங்கி அறிக்கை, மேலிடத்துக்குச் சந்தா பாக்கி இல்லை என்று காட்டும் கடைசி ரசீது. ரோட்டரியில் பாக்கி 120 நாள் தாண்டினால் சங்கமே நீக்கப்படலாம், புதிதாகச் சேர்ந்தவரின் உறுப்பினர் தகுதியும் அதோடு போகும்.