மூன்றாவது மூக்கு அறுவைக்காகக் கேட்ட ஆலோசனை: என் மதிப்பீடு

சென்னை அண்ணா நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு என் தங்கையை அழைத்துச் சென்ற அனுபவத்தை எழுதுகிறேன். அவளுக்கு 27 வயது. மூக்கில் ஏற்கெனவே இரண்டு முறை அறுவை செய்துகொண்டவள், மூன்றாவதற்கு நாள் குறித்துக்கொண்டு வரவேண்டும் என்ற முடிவோடுதான் கிளம்பினாள். மருத்துவர் அறுவை செய்ய மறுத்துவிட்டார். எங்கள் குடும்பத்துக்கு இதுவரை கிடைத்த மருத்துவச் சேவைகளில் இதற்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பேன். தங்கையை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் அறுவை 2021இல் நடந்தது. மூக்குத் தண்டில் இருந்த சிறு மேடு அவளைப் பள்ளி நாள்களிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. அது போனதும் இரண்டு மாதம் வீடே கலகலப்பாக இருந்தது. பிறகு நுனி சற்று இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொல்லத் தொடங்கினாள். எங்கள் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. "மூக்கு நல்லாத்தானே இருக்கு" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், தன்னைச் சமாதானப்படுத்துவதற்காகப் பொய் சொல்கிறார்கள் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். 2023இல் வேறொரு கிளினிக்கில் இரண்டாவது அறுவை நடந்தது. அங்கே ஆலோசனை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. கணினியில் அவள் முகத்தை மாற்றிக் காட்டினார்கள், ஏன் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, இ.எம்.ஐ. படிவத்தை அன்றே நீட்டினார்கள். அழகுக்கான அறுவைக்குக் காப்பீடு கிடையாது, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு என்பது பில் வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தக் கடன் முடிவதற்குள்ளாகவே அவள் முகக்கவசம் இல்லாமல் வெளியே வருவதை நிறுத்தியிருந்தாள். சித்தி மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. குளியலறைக் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தாள். ஆனால், கைப்பேசியின் கேமராவில் ஒரு நாளைக்கு எத்தனை முறை முகத்தைப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

இந்த மருத்துவர் எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கினார். முதல் கால்மணி நேரம் மூக்கைத் தொடவே இல்லை. காலையில் எழுந்ததும் என்ன செய்வாள், வேலைக்கு எப்போதிலிருந்து போகவில்லை, மூக்கைப் பற்றிய நினைப்பு ஒரு நாளில் எத்தனை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றியதுண்டா என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் கேட்டார். கடைசிக் கேள்விக்குத் தங்கை உடனே பதில் சொல்லவில்லை. என்னைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொன்னார். அவர் அதைச் செய்த விதத்தில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. அக்காவின் முன்னால் பேச முடியாதவை இருக்கும் என்று நானே யோசித்திருக்க வேண்டும்.

நான் திரும்ப உள்ளே போனபோது அவள் கையில் ஒரு கண்ணாடியும் பஞ்சுக் குச்சியும் இருந்தன. குறை எங்கே என்று தொட்டுக் காட்டச் சொன்னார். நுனியைத் தொட்டாள். ஐந்து நிமிடம் வேறு எதையோ பேசிவிட்டு மறுபடி காட்டச் சொன்னபோது, குச்சி வலது நாசியின் ஓரத்துக்குப் போனது. மூன்றாம் முறை மேல் உதட்டுக்கு அருகில் நின்றது. அவர் திருத்தவும் இல்லை, மடக்கவும் இல்லை. மூன்று இடங்களையும் கேஸ் ஷீட்டில் இருந்த முகப்படத்தில் குறித்து, அவளிடம் காட்டினார். அடுத்து அவளுடைய கைப்பேசியிலேயே இரண்டு படங்கள் எடுத்தார்: ஒன்று ஓர் அடி தொலைவில், மற்றொன்று ஐந்தடி தொலைவில். கேமரா அவ்வளவு நெருக்கத்தில் இருக்கும்போது, ஐந்தடிப் படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இரண்டு படங்களையும் தங்கை மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் அளவுகோலாக வைத்திருந்த படமே அளவு தவறியது என்பதை அவளுக்கு முதலில் காட்டியவர் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் மூக்கைப் பரிசோதித்தார். அறுவை செய்த மூக்கின் வீக்கம் முழுவதும் வடிய ஓராண்டு வரை ஆகும் என்றும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே தழும்புத் திசு கூடும் என்றும், மூக்கின் நடுச்சுவரிலிருந்து எடுக்கக்கூடிய குருத்தெலும்பு முன்பே பயன்பட்டுவிட்டதால் இனிக் காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோதான் எடுக்க வேண்டியிருக்கும் என்றும் விளக்கினார். பிறகு, மூச்சு நன்றாகப் போகிறது, வடிவமும் சீராக இருக்கிறது, "நீங்கள் படும் வேதனை உண்மைதான் அம்மா, ஆனால் அது என் கத்தி எட்டும் இடத்தில் இல்லை" என்றார். தங்கை அழுதாள். அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் அழுது முடியும்வரை காத்திருந்தார்.

பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்ற பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன். தன் உடலில் ஒரு குறை இருப்பதாக மனம் விடாமல் பற்றிக்கொள்ளும் இந்த நோயை இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891இலேயே விவரித்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு இதை எண்ணச் சுழற்சி நோயான ஓ.சி.டி.யின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறது. பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது உண்டு. அழகு அறுவை தேடி வருபவர்களிடம் இன்னும் பல மடங்கு அதிகம். அறுவைக்கு அடிமையாகிவிட்டாள் என்று நாங்கள் வீட்டில் பேசிக்கொண்டது பாதிதான் சரி. ஒவ்வோர் அறுவையும் சில வாரங்களுக்கு நிம்மதி தருகிறது, பிறகு கவலை அதே இடத்துக்கோ வேறோர் இடத்துக்கோ திரும்பி வருகிறது, அதனால் அடுத்ததைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குப் பின் மறுசீரமைப்பு அறுவை செய்தவரும் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்தான். இந்தத் துறையின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் பத்து நிமிடத்தில் இ.எம்.ஐ. படிவம் நீட்டிய அந்த இடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குறைகளும் இருக்கின்றன. காத்திருக்கும் கூடத்தின் சுவர் முழுக்க அறுவைக்கு முன், பின் என்ற படங்கள். உள்ளே இவ்வளவு அக்கறையாகப் பேசும் ஒரு பிரிவு, வெளியே ஒன்றரை மணி நேரம் அவளை அந்தப் படங்களுக்கு எதிரில் உட்கார வைத்தது. மருத்துவர் கைப்படக் கடிதம் எழுதிக்கொடுத்தும், அதே மருத்துவமனையின் மனநல மருத்துவரைப் பார்க்கப் பன்னிரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தது. எல்லாவற்றையும்விட மோசம், இரண்டு நாள் கழித்து அவர்களுடைய விற்பனைப் பிரிவிலிருந்து உதட்டைப் பெரிதாக்கும் ஃபில்லர் ஊசிக்குச் சலுகை என்று தங்கைக்கே அழைப்பு வந்தது. நான் நேரில் போய்ச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு அவள் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் மருத்துவர் மறுத்தவர்களுக்கு அழைப்பு போகாமல் தடுக்கும் ஏற்பாடு அவர்களிடம் இல்லை. அதை உடனே செய்ய வேண்டும்.

இப்போது வாரம் ஒரு முறை, பேச்சின் வழியே எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்குப் போகிறாள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையும் உண்டு. முதல் ஆறு வாரம் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதை, அவசரப்பட்டு நிறுத்திவிடுபவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடியில் ஒட்டிய செய்தித்தாளைப் போன மாதம் அவளே கிழித்தாள். முகக்கவசம் இன்னும் பையில் இருக்கிறது.

ஆலோசனைக் கட்டணம் ஆயிரம் ரூபாய். போகிறவர்கள் முந்தைய அறுவைகளின் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எங்களிடம் ஒன்று இல்லாததால் சில கேள்விகளுக்கு நினைவிலிருந்துதான் பதில் சொல்ல முடிந்தது. தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குப் போகலாம். நேரில் பேசத் தயங்குபவர்கள் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.